கம்பி குடிக்கிற கரண்ட்

எங்க பக்கம் மோட்டார் காயில் எரிஞ்சு போச்சுன்னா திட்டு வாங்குவதற்கென்றே மூன்று பேர் உண்டு. முதலில் ஈ.பி.க்காரர். வோல்டேஜ் ஒழுங்கா குடுக்கறதில்லை. அடுத்தது காயில் கட்டினவர். மட்டமான கம்பி போட்டுட்டார். மூன்றாவது, மோட்டாரை விற்ற கடைக்காரர். இந்த மூன்று பேரையும் திட்டி முடித்த பிறகு ஜாதகம், வாஸ்து என்று பேச்சு போகும். ஸ்டார்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஆயிரம் அடிக்குப் படுத்துக் கிடக்கிற கேபிளை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

பட்டணத்தில் இருக்கிறவங்களுக்கு மோட்டார் என்றால் மாடியில் இருக்கிற டேங்க் நிரப்புகிற சின்ன சாமான். அது கெட்டுப்போனால் ஒரு நாள் லாரித் தண்ணி. இங்கே அப்படி இல்லை. 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார், போர்க்குழியில் 600 அடிக்குக் கீழே தொங்குகிறது. காயில் போனால் வண்டி வைத்து பைப்பையும் கேபிளையும் மேலே ஏற்றி, மோட்டாரைக் கழட்டி, டவுனுக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டி, திரும்ப இறக்க வேண்டும். எவ்வளவு அவசரப்பட்டாலும் நாலு நாள் ஆகும். ஏப்ரல் மாத வெயிலில் வாழைக்கு நாலு நாள் தண்ணி இல்லை என்றால் என்ன ஆகும் என்று வாழை வைத்தவர்களைக் கேட்டால் தெரியும்.

போன கோடையில் வடக்குத் தோட்டத்து மாமாவுக்கு ரெண்டரை மாதத்தில் மூன்று தடவை காயில் போனது. ஒன்றரை ஏக்கர் நேந்திரன், தார் தள்ளுகிற நேரம். ஒரு தடவைக்குக் காயில் கட்ட 7,000, ஏற்றி இறக்க 4,000. மூன்றாவது தடவை எரிந்தபோது மாமா என்னிடம் வந்து கட்டிலில் உட்கார்ந்து, "இனி இந்த போர் வேண்டாம் மாப்ள. தெக்கால மூலையில புதுசா ஒண்ணு ஓட்டிப்புடலாம்னு இருக்கேன். சொசைட்டியில நகையை வெச்சுக்கலாம்" என்றார். அத்தையின் நகை அது. புது போர், புது மோட்டார், பைப், கேபிள் என்று சேர்த்தால் 2 லட்சத்துக்குக் குறையாது. தண்ணி வரும் என்பதற்கும் உறுதி கிடையாது.

"போர்ல தண்ணி இருக்குதுங்களா மாமா?"

"தண்ணி இருக்குது மாப்ள. மோட்டாருதான் நிக்கமாட்டேங்குது."

தண்ணி இருக்கிற போரை விட்டுவிட்டு வேறு போர் ஓட்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. காயில் எரிவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் புது போருக்கும் கூடவே வந்துவிட்டால் என்ன செய்வது என்றேன். மாமா யோசித்தார். "ஒரு வாரம் பொறுங்க, இந்தத் தடவை காயில் கட்டி இறக்குங்க, ஓட்டிப் பார்த்து அளந்துடலாம்" என்று சொல்லி அனுப்பினேன்.

அளந்த கதைக்குப் போகும் முன்னால் கொஞ்சம் பள்ளிக்கூடப் பாடம். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஓம் விதி வரும். நம்மில் பாதிப் பேர் அதை மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கிவிட்டு மறந்திருப்போம். தோட்டத்துக்காரனுக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, பைப் லைன் போட்டவனுக்கு அது ஏற்கெனவே தெரியும். கிணற்று மேட்டில் இருந்து ரெண்டரை இஞ்ச் பைப்பில் தண்ணி விட்டால் கடைசி வயல் வரைக்கும் துள்ளிக்கொண்டு போகும். அதே தண்ணியை முக்கால் இஞ்ச் ஹோஸில் விட்டுப் பாருங்கள். நூறு அடிக்கு அப்புறம் சொட்டும். குழாயின் உள்சுவரில் உரசி உரசியே தண்ணியின் வேகம் செத்துப்போகிறது. குழாய் நீளமானால் உரசல் அதிகம். ஒல்லியானால் இன்னும் அதிகம்.

கம்பியிலும் இதே சங்கதிதான். தண்ணியைத் தள்ளுகிற அழுத்தம் வோல்ட். ஓடுகிற தண்ணியின் அளவு ஆம்ப்ஸ். குழாய் குடுக்கிற முரண்டு ஓம், அதாவது மின்தடை. வோல்ட் என்பது ஆம்ப்ஸையும் ஓமையும் பெருக்கினால் வருவது. அவ்வளவுதான் விதி. கம்பி ரெண்டு மடங்கு நீளமானால் ஓம் ரெண்டு மடங்கு. கம்பியின் கனம் பாதியானால் அப்பவும் ரெண்டு மடங்கு. அலுமினியக் கம்பி என்றால் அதே கனத்துச் செம்புக் கம்பியை விட ஒன்றரை மடங்குக்கு மேல்.

இதைக் கண்டுபிடித்த கேயார்க் ஓம் பூட்டுக் கொல்லர் மகன். 1789-ல் ஜெர்மனியில் எர்லாங்கன் ஊரில் பிறந்தவர், கொலோன் நகரில் பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் காலத்து பேட்டரி நிலையாக நிற்காது, நேரம் போகப் போக இறங்கும். அதனால் ஒரு முனையைக் கொதிக்கிற தண்ணியிலும் இன்னொரு முனையை உருகுகிற ஐஸிலும் வைத்து, அந்தச் சூட்டு வித்தியாசத்தில் வருகிற கரண்டை எடுத்து, விதவிதமான நீளத்துக் கம்பிகளில் விட்டு விட்டு அளந்திருக்கிறார். 1827-ல் புத்தகமாகப் போட்டார். சொந்த நாட்டில் பெரிதாக மதிக்கவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி மெடல் கொடுத்த பிறகுதான் மரியாதை வந்தது. கம்பியை மாற்றி மாற்றி அளப்பதையே வேலையாக வைத்திருந்த அந்த மனுஷன் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு.

சரி, மாமா தோட்டத்துக்கு வருவோம்.

கொங்கு நாட்டில் பாதித் தோட்டத்தில் இருக்கிற அமைப்புதான் அங்கேயும். கரண்ட் சர்வீஸ் பழைய கிணற்றுக்கு வாங்கியது. கிணறு வற்றிப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனால் மோட்டார் ரூம், மீட்டர் பலகை, ஸ்டார்ட்டர் எல்லாம் இன்னமும் கிணற்று மேட்டில்தான். போர் ஓட்டினது 400 அடி தள்ளி, நீரோட்டம் பார்த்தவர் எலுமிச்சம்பழம் உருட்டிக் காட்டிய இடத்தில். நடுவில் 400 அடிக்கு மண்ணுக்குள் அலுமினியக் கேபிள். போர் வாயில் அதைச் செம்புக் கேபிளோடு சேர்த்து முறுக்கி டேப் சுற்றி, மேலே யூரியா சாக்குப் பையைக் கட்டி மண் மூடியிருந்தது. அங்கிருந்து கீழே மோட்டார் வரைக்கும் 600 அடிக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். தட்டைக் கேபிள்.

இந்த 600 அடிக்கு ஒரு கதை இருக்கிறது. போர் ஓட்டின வருஷம் மோட்டாரை 400 அடியில் நிறுத்தினார்கள். அந்த நீளத்துக்கு 2.5 எம்.எம். கம்பி ஒன்றுக்கு ஒரு ஓம் தடை வரும். பெரிய தொந்தரவு இல்லை. அப்புறம் தண்ணி கீழே போனது. நூறு அடி இறக்கினார்கள். மறுபடியும் நூறு அடி. ஒவ்வொரு தடவையும் பைப் வாங்கினார்கள், கயிறு வாங்கினார்கள், கேபிளை மட்டும் அதே கனத்தில் ஒரு துண்டு வாங்கி ஜாயிண்ட் போட்டார்கள். இப்போது ஒரு கம்பிக்கு ஒன்றரை ஓம். 10 ஆம்ப்ஸ் ஓடினால் ஒரு கம்பியில் 15 வோல்ட் செத்துப்போகிறது. சூட்டுக் கணக்கு ஆம்ப்ஸை ஆம்ப்ஸாலேயே பெருக்கி அப்புறம் ஓமால் பெருக்குவது. ஒரு கம்பிக்கு 150 வாட். மூன்று கம்பிக்கு 450 வாட். வீட்டில் மாவாட்டுகிற அரை எச்.பி. கிரைண்டரைப் போர்க்குழிக்குள் சும்மா சுற்ற விட்டதற்குச் சமம். நிலத்தடித் தண்ணி இறங்கினால் மின்தடை ஏறும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் எங்க ஊரில் அதுதான் நடக்கிறது.

இவ்வளவு இருந்தும் இது மட்டுமே காயிலை எரிக்காது. வேறு ஏதோ இருக்கணும்.

வயர்மேன் தம்பியை வரச் சொன்னேன். மீட்டர், டாங் டெஸ்டர் ரெண்டும் கொண்டுவந்தார். முதலில் அவர் சொன்னது இது: "ஏனுங்ணா, போன தடவை மோட்டாரைத் தூக்கறப்பவே போர் வாயில நான் வோல்ட் பார்த்துட்டனுங்க. மூணு பேஸும் 400, 400, 400. கேபிள் சுத்தமா இருக்குதுங்க."

இங்கேதான் விஷயம். அவர் பார்த்தது பொய் இல்லை. ஆனால் அவர் பார்த்தபோது மோட்டார் கழட்டிக் கிடந்தது. கம்பியில் ஒரு சொட்டுக் கரண்ட் ஓடவில்லை.

மறுபடியும் ஹோஸுக்கு வாங்க. முக்கால் இஞ்ச் ஹோஸின் கடைசி முனையை மூடிவிட்டு அங்கே பிரஷர் மீட்டர் வைத்துப் பாருங்கள். மேட்டில் இருக்கிற முழு அழுத்தமும் அப்படியே காட்டும். ஓடாத தண்ணிக்கு உரசல் இல்லை. முனையைத் திறந்தவுடனே முள் படுத்துவிடும். கம்பியும் அப்படித்தான். ஆம்ப்ஸ் சைபர் என்றால், ஓம் எத்தனை இருந்தாலும் பெருக்கினால் சைபர். மோட்டார் ஓடாதபோது எவ்வளவு மோசமான கேபிளும் 400 காட்டும். ஓடும்போது அளந்தால்தான் கம்பியின் யோக்கியதை தெரியும். எங்க ஊரில் வோல்டேஜ் பார்க்கிறவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள், அதுவும் ஸ்டார்ட்டர் பெட்டியில்.

காயில் கட்டின மோட்டார் இறங்கினதும் ஓட்டச் சொன்னோம். ஸ்டார்ட்டரில் 400 இருந்தது 382-க்கு இறங்கியது. அது டிரான்ஸ்பார்மரில் இருந்து வருகிற லைனின் தடை, நம்ம கையில் இல்லை. தம்பி போர் வாய்க்குப் போய், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, பலகை மேல் நின்று, ஜாயிண்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். 368, 364, 358. டாங் டெஸ்டரில் ஒரு கம்பியில் 10 ஆம்ப்ஸ், இன்னொன்றில் 11, மூன்றாவதில் 12.

"மூணும் ஒரே மாதிரி இல்லீங்ணா" என்றார் தம்பி. ஸ்டார்ட்டரில் மூன்றும் ஒன்றாக இருந்தவை இங்கே பிரிந்து போயிருந்தன. அப்படியென்றால் வழியில் எங்கேயோ ஒரு கம்பி மட்டும் கூடுதலாகக் குடிக்கிறது.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இன்னமும் கண்ணில் நிற்கிறது. 10 ஆம்ப்ஸ் காட்டின கம்பியின் ஜாயிண்டுக்கு இந்தப் பக்கம் மீட்டரின் ஒரு முனை, அந்தப் பக்கம் இன்னொரு முனை. நடுவில் ரெண்டு விரக்கடை தூரம். ஒரே கம்பி. மீட்டர் 10 வோல்ட் காட்டியது.

மாமா குனிந்து பார்த்தார். "அதெப்படி மாப்ள? ஒரே கம்பிதானே. ஒரே கம்பியில எப்படி வோல்ட்டு வரும்?"

வரக்கூடாது. நல்ல ஜாயிண்ட் என்றால் அங்கே மீட்டர் அசையவே கூடாது. 10 வோல்ட்டை 10 ஆம்ப்ஸால் வகுத்தால் ஒரு ஓம். 400 அடி 2.5 எம்.எம். செம்புக் கம்பி முழுக்கக் குடுக்கிற தடையை இந்த ரெண்டு விரக்கடை முறுக்கு குடுத்துக்கொண்டிருந்தது. சூடு எவ்வளவு? 10 ஆம்ப்ஸைப் பத்தால் பெருக்கி ஒன்றால் பெருக்கினால் 100 வாட். அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பை எரிய விட்டுத் துணி சுற்றி மண்ணுக்குள் புதைத்தது போல. மோட்டாரை நிறுத்தி, மெயினை இறக்கி, ஃபீஸ் கட்டையையும் உருவி மாமாவின் சட்டைப்பையில் போட்ட பிறகு டேப்பைப் பிரித்தோம். டேப் இளகித் தார் மாதிரி ஒட்டியது. உள்ளே அலுமினியம் வெள்ளையாகப் பொடிந்து, செம்பு கறுத்துப் போயிருந்தது.

அலுமினியத்தையும் செம்பையும் நேராக முறுக்கக்கூடாது என்பது வயரிங் தெரிந்தவர்களுக்குப் பாலபாடம். அலுமினியத்தின் மேல் காற்று பட்டவுடனே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் படிந்துவிடும். அந்தத் தோல் கரண்டை விடாது. ஈரம் சேர்ந்தால் ரெண்டு உலோகத்துக்கும் ஒத்துக்காது, அலுமினியம் அரிக்கும். சூடானால் அலுமினியம் செம்பை விட அதிகமாக விரியும், ஆறினால் சுருங்கும். தினமும் ஓட்டி நிறுத்தி ஓட்டி நிறுத்தி முறுக்கு தளர்ந்துகொண்டே போகும். தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் தளரும். வாய்க்கால் கரையில் எலி வளை விழுந்தது போலத்தான். முதலில் கசியும், அப்புறம் உடைக்கும்.

சரி, கம்பியில் சூடானால் கம்பிதானே எரியணும், 600 அடிக்குக் கீழே இருக்கிற மோட்டார் ஏன் எரியுது? மாமா கேட்ட ரெண்டாவது கேள்வி இது. நல்ல கேள்வி.

குண்டு பல்புக்கு வோல்ட் குறைந்தால் மங்கலாக எரியும். இஸ்திரிப் பெட்டிக்குக் குறைந்தால் சூடு குறையும். அதுகளுக்குக் கிடைத்ததை வைத்துக் குடும்பம் நடத்தத் தெரியும். மோட்டார் அப்படி இல்லை. 600 அடித் தண்ணியை மேலே தள்ள வேண்டும் என்பது அதுக்கு இட்ட வேலை. வோல்ட் குறைந்தாலும் சுற்றுகிற வேகம் பெரிதாகக் குறையாது, அதனால் வேலையும் குறையாது. ஆகவே குறைந்த வோல்ட்டை ஈடுகட்ட அதிக ஆம்ப்ஸ் இழுக்கும். அதிக ஆம்ப்ஸ் இழுத்தால் அந்த நீளக் கம்பியில் இன்னும் வோல்ட் சாகும். அது இன்னும் இழுக்கும். ஆம்ப்ஸ் ஒன்றரை மடங்கானால் காயிலில் சூடு ரெண்டே கால் மடங்கு. அது போதாதென்று, செம்பு சூடாக ஆகத் தடையும் ஏறும், 50 டிகிரி கூடினால் சுமார் 20 சதவீதம். அதோடு மூன்று பேஸும் சமமாக இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வோல்ட்டில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலே ஆம்ப்ஸில் அதைப்போல் பல மடங்கு வித்தியாசம் வரும். ஒரு நுகத்தில் மூன்று மாடு கட்டி, ஒன்று மட்டும் பின்வாங்கினால் மற்ற ரெண்டும் நுரை தள்ளும் இல்லையா. 12 ஆம்ப்ஸ் காட்டின கம்பிதான் ஒவ்வொரு தடவையும் எரிந்த காயில். காயில் கட்டினவரைக் கேட்டோம். மூன்று தடவையும் ஒரே பக்கம்தான் கருகி இருந்தது என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஈ.பி.யை நான் முழுசா விட்டுக்கொடுக்கவும் இல்லை. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு நியாயம், லைன் கடைசியில் இருக்கிறவனுக்கு ஒரு நியாயம் என்பது உண்மைதான். மும்முனைக் கரண்ட் வந்தவுடனே எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டால் கடைசித் தோட்டத்தில் 340-க்கு இறங்கும். அதுவும் இதே விதிதான், கம்பி மட்டும் நம்முடையது இல்லை.

விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் என்பதால் இந்த நஷ்டம் எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதையும் சொல்லணும். இலவசக் கரண்ட் சும்மா வந்தது இல்லை. 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் 3 விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். எங்க தாத்தா காலத்து ஆட்கள் அதைச் சொல்லும்போது இப்பவும் குரல் மாறும். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பில் வந்திருந்தால், கம்பி குடிக்கிற 450 வாட்டுக்கும் ஜாயிண்ட் குடிக்கிற 100 வாட்டுக்கும் மாதா மாதம் காசு கட்டியிருந்தால், மாமா எப்போதோ கேபிளைப் பார்த்திருப்பார். இப்போது அந்தப் பில் காயில் கடையில் வருகிறது.

மாமா நகையை வைக்கவில்லை. 400 அடி அலுமினியத்தைத் தோண்டி எடுத்துவிட்டு 4 எம்.எம். செம்புக் கேபிள் போட்டார். இருபதாயிரத்துச் சொச்சம் ஆனது. மூன்று தடவை காயிலுக்கும் ஏற்றி இறக்கவும் போட்ட காசு 33,000. ஜாயிண்டை முறுக்காமல், குழல் மாட்டி அழுத்தி, தண்ணி புகாத உறை போட்டுச் சுருக்கிவிட்டார் தம்பி. அடியில் இருக்கிற 600 அடிக் கேபிளை அடுத்த தடவை மோட்டாரைத் தூக்கும்போது மாற்றலாம் என்று விட்டோம். ஓட்டிப் பார்த்தபோது போர் வாயில் 374, 374, 373. ஆம்ப்ஸ் மூன்றிலும் பத்துக்குக் கொஞ்சம் கீழே. வாய்மடையில் நின்ற அத்தை, "தண்ணி முன்னையாட்ட கொட்டுதுங்க" என்று சத்தம் போட்டார். மாமா சிரிக்கவில்லை, ஜாயிண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நேந்திரனில் கிழக்கு ஓரம் முப்பது நாற்பது மரம் தார் சிறுத்துப் போனதுதான், மற்றது தப்பித்தது.

அதற்கப்புறம் தம்பிக்கு ஏக வேலை. எங்க ஊரில் பத்துப் பன்னிரண்டு தோட்டத்தில் ஓட விட்டு அளந்தார். சரியாக இருந்தது மூன்றோ நாலோதான்.

பட்டணத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்க வீட்டில் போர் இல்லை, ஆனால் கீசர் இருக்கிறது. 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்ப்ஸ் இழுக்கும். பிளக் தளர்ந்து அரை ஓம் தடை வந்துவிட்டால் அந்த ஒரு இடத்தில் 38 வாட் சூடு. சால்டரிங் வைக்கிற சின்ன அயர்ன் 25 வாட்தான். பிளக் பக்கத்தில் பிளாஸ்டிக் மஞ்சளாகிப் போயிருந்தால், கீசர் ஓடி முடிந்து சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவும்போது சுட்டால், அது மாமா போர் வாயில் இருந்த அதே சமாச்சாரம். ஏசிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் சேர்த்து ஒல்லி வயர் எக்ஸ்டென்ஷன் பெட்டி போடுகிறவர்கள் வயரைத் தொட்டுப் பாருங்கள். சுருட்டி வைத்த வயர் இன்னும் சீக்கிரம் சுடும், சூடு வெளியே போக வழி இல்லை. சுட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஓடுகிற கரண்டில் நீங்களே மீட்டர் வைக்காதீர்கள். தம்பி வைத்தார் என்றால் அது அவர் தொழில்.

தடை எல்லா இடத்திலும் எதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காயிலுக்கும் மோட்டார் ஓட்டுக்கும் நடுவில் தடை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. அதை மெக்கர் வைத்துப் பார்ப்பார்கள், லட்சக் கணக்கு ஓமில் பேசுவார்கள். நம்ம உடம்புத் தோலும் அப்படித்தான். காய்ந்த தோலுக்குப் பல ஆயிரம் ஓம் தடை உண்டு. நனைந்துவிட்டால் ஆயிரம் ஓம் பக்கத்துக்கு வந்துவிடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்துப் பாருங்கள், கால் ஆம்ப்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் போடுகிற ஷாக் தடுக்கும் பிரேக்கர் 30 மில்லி ஆம்ப்ஸுக்கே விழுகிற மாதிரி செய்திருக்கிறார்கள் என்றால் கால் ஆம்ப்ஸ் என்ன செய்யும் என்று புரியும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வந்து, சேற்றுக் காலோடு, வெறும் பாதத்தில் ஓடிப்போய் இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடுகிறவன் விவசாயி. எங்கள் வட்டாரத்தில் இப்படிப் போனவர்களைக் கணக்கெடுத்தால் பெயர் சொல்லிச் சொல்லியே அழ வேண்டும். மோட்டார் ரூமில் ஒரு ரப்பர் செருப்பும் காய்ந்த பலகையும் வைப்பதற்கு நூறு ரூபாய் கூட ஆகாது.

அதற்கும் மேலே எர்த். பெட்டிக்குள் கம்பி கழன்று ஓட்டில் பட்டால், கரண்ட் நம்ம உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குள் போக வேண்டும். அதுக்கு எர்த் வழியின் தடை குறைவாக இருக்கணும். குழி வெட்டி, உப்பும் அடுப்புக்கரியும் மாறி மாறிப் போட்டு, நடுவில் பைப் நட்டு வைப்பது அதுக்குத்தான். உப்பு ஈரத்தோடு சேர்ந்து மண்ணில் கரண்ட் போக வழி பண்ணும், கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். மண் காய்ந்து போனால் அந்தக் குழி இருந்தும் பிரயோஜனம் இல்லை, தடை ஏறிவிடும். எங்க அப்பா வெயில் காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் எர்த் குழிக்குத் தண்ணி ஊற்றுவார். சின்ன வயசில் அது ஏதோ சாமி காரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே மழை பெய்து நாற்பது நாள் ஆகிறது. மாமா தோட்டத்து எர்த் குழியில் மண் வெடித்துக் கிடப்பதை நேற்று பார்த்தேன். சாயங்காலம் ரெண்டு குடம் கொண்டுபோகணும்.